ஒட்டன்சத்திரம் அருகே 8 ஆண்டுகள் காத்திருந்த ராணி: வேலு நாச்சியாரும் சிவகங்கைச் சீமையின் வாரிசுச் சண்டையும்

ஒட்டன்சத்திரம் என்றாலே நமக்கு முதலில் ஞாபகம் வருவது காய்கறி மார்க்கெட்தான். தக்காளி, முருங்கை, கத்திரி, வெண்டை என்று லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகிற ஊர். அங்கிருந்து பழனி சாலையில் கொஞ்ச தூரம் போனால் விருப்பாட்சி வரும். மலைவாழைக்குப் பேர் போன ஊர். புவிசார் குறியீடு வாங்கிய அந்த வாழையின் பெயரிலேயே விருப்பாட்சி இருக்கிறது.

ஆனா இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. சுமார் 250 வருஷத்துக்கு முன்னால், கணவனை இழந்த ஒரு ராணி தன் சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து தங்கிய இடம் இது. 8 ஆண்டுகள் இந்தப் பகுதியில் காத்திருந்து, படை திரட்டி, இழந்த சீமையைத் திரும்ப மீட்டார். அவர்தான் சிவகங்கை ராணி வேலு நாச்சியார்.

அவருடைய வீரம் பற்றி நிறையக் கேட்டிருப்போம். ஆனால் அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அது கல்யாணம், சொத்து, வாரிசு ஆகிய மூன்றையும் சுற்றியே நடந்திருப்பது தெரியும். மகளுக்குச் சொத்தில் உரிமை உண்டா என்று இன்றைக்கும் வீடுகளில் எழும் கேள்வி, சிவகங்கைச் சீமையில் சுமார் 150 ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுந்தது. கடைசியில் லண்டன் வரை போய்த்தான் தீர்ந்தது. அந்தத் தீர்ப்பில் யாரும் எதிர்பார்க்காத ஒரு முரணும் இருக்கிறது. விரிவாகப் பார்ப்போம்.

சீதனமாக வந்த சீமை

முதலில் சிவகங்கைச் சீமை எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படி ஒரு தனிச் சீமையே கிடையாது. எல்லாம் ராமநாதபுரம் சேதுபதிகளின் ஆட்சிக்குள் அடங்கியிருந்தது.

அப்போது ஆண்ட விஜயரகுநாத சேதுபதி, தன் மகள் அகிலாண்டேஸ்வரி நாச்சியாரை நாலுகோட்டையைச் சேர்ந்த சசிவர்ணத் தேவருக்குக் கட்டிக் கொடுத்தார். மகளோடு சேர்த்து நிலமும் கொடுத்தார். ஆயிரம் வீரர்களை வைத்துப் பராமரிக்கும் அளவுக்கு வருமானம் வரக்கூடிய நிலம் அது. இன்றைய பாஷையில் சொன்னால் சீதனம்.

சேதுபதி இறந்த பிறகு ராமநாதபுரத்தில் பட்டத்துக்குச் சண்டை வந்தது. பவானி சங்கரன் என்பவர் அரியணையைப் பிடித்துக்கொண்டார். சசிவர்ணத் தேவரின் நிலமும் பறிபோனது. சேதுபதி குடும்பத்தில் பட்டத்துக்கு உரிமை கோரிய கட்டயத் தேவரும் சசிவர்ணத் தேவரும் தஞ்சாவூர் மராட்டிய மன்னரிடம் உதவி கேட்டுப் போனார்கள். தஞ்சாவூர்ப் படையோடு திரும்பி வந்து பவானி சங்கரனைத் தோற்கடித்தார்கள்.

அதன்பிறகு ராமநாதபுரம் ஐந்து பங்காகப் பிரிக்கப்பட்டது. மூன்று பங்கு கட்டயத் தேவருக்கு, இரண்டு பங்கு சசிவர்ணத் தேவருக்கு. அந்த இரண்டு பங்குதான் சிவகங்கைச் சீமை. இது நடந்தது 1730-ஐ ஒட்டிய ஆண்டுகளில்.

ஆக, சிவகங்கை என்ற சீமையே ஒரு மருமகனுக்குக் கிடைத்த பங்கில் பிறந்தது. வாங்கியதும் சண்டை போட்டதும் ஆண்கள். ஆனால் சசிவர்ணத் தேவருக்கு அந்தக் குடும்பத்தில் இடம் கிடைத்தது அகிலாண்டேஸ்வரி நாச்சியாரின் கையைப் பிடித்ததால்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை மறுபடியும் இங்கேயே வந்து நிற்கும்.

ஒரே மகள்... ஆனால் வாரிசு இல்லை

அதே காலத்தில், 1730-இல், ராமநாதபுரம் அரச குடும்பத்தில் வேலு நாச்சியார் பிறந்தார். அப்பா செல்லமுத்து சேதுபதி. அம்மா முத்தாத்தாள் நாச்சியார். அவர்களுக்கு வேறு பிள்ளைகள் இல்லை. ஒரே மகள்.

ஆண் பிள்ளையை வளர்ப்பதுபோல மகளை வளர்த்தார்கள். சிலம்பம், வாள்வீச்சு, வளரி எறிதல், குதிரையேற்றம் எல்லாம் பழகினார். வளரி என்பது மறவர் சீமைக்கே உரிய ஆயுதம். பிறை நிலா மாதிரி வளைந்திருக்கும், எறிந்து தாக்குவது. உருது உட்படப் பல மொழிகள் அவருக்குத் தெரியும் என்றும் சொல்லப்படுகிறது. அந்த உருதுதான் பின்னாளில் ஒரு முக்கியமான கட்டத்தில் கைகொடுத்தது.

1746-இல், 16 வயதில், வேலு நாச்சியாருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சசிவர்ணத் தேவரின் மகன் முத்துவடுகநாதர். முந்தைய தலைமுறையில் ராமநாதபுரத்துப் பெண் சிவகங்கைப் பக்கம் போனதுபோல இப்போதும் போனார். பாகம் பிரிந்த இரண்டு வீடுகளும் மறுபடி சம்பந்தி ஆனார்கள். 1750-ஐ ஒட்டி சசிவர்ணத் தேவர் மறைய, முத்துவடுகநாதர் சிவகங்கையின் இரண்டாவது மன்னரானார். வேலு நாச்சியார் பட்டத்து ராணி. பிரதானி, அதாவது தலைமை அமைச்சர், தாண்டவராய பிள்ளை.

இப்போது ராமநாதபுரத்தில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். 1762-இல் செல்லமுத்து சேதுபதி இறந்தார். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. இருந்தது ஒரே மகள், அதுவும் போர்ப் பயிற்சி பெற்ற, பக்கத்துச் சீமையின் ராணியாக இருந்த மகள். பட்டம் அவருக்கு வந்ததா?

இல்லை. பட்டம் போனது செல்லமுத்து சேதுபதியின் சகோதரி முத்துத்திருவாயி நாச்சியாரின் மகனுக்கு. பிறந்து சில மாதங்களே ஆன குழந்தை அது. பெயர் முத்துராமலிங்க சேதுபதி. குழந்தையின் சார்பில் அம்மாவும் பிரதானியும் ஆட்சியைக் கவனித்தார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் விஷயம் புரியும். அங்கே ஆட்சியை நடத்தியதும் ஒரு பெண்தான், முத்துத்திருவாயி நாச்சியார். ஆனால் பட்டம் மட்டும் தொட்டிலில் கிடந்த ஆண் குழந்தையின் பெயரில் இருந்தது. பெண் ஆளலாம், பெண் வழியாகப் பட்டம் இறங்கலாம். பெண்ணிடம் அது தங்காது. அன்றைய அரச குடும்பங்களின் நடைமுறை இப்படித்தான் இருந்தது.

இங்கிலாந்தில் மட்டும் வேறு மாதிரியா?

நம்ம ஊர்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அதே காலத்தில் பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், சில விஷயங்களில் இன்னும் மோசம்.

அங்கே பண்ணையும் பட்டமும் மொத்தமாக மூத்த மகனுக்குப் போகும். இளைய மகன்கள் ராணுவத்துக்கோ, தேவாலயப் பணிக்கோ, கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கோ போக வேண்டியதுதான். நிலம் துண்டு துண்டாகிவிடக் கூடாது, விற்றுவிடக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போடும் பத்திர ஏற்பாடுகளும் இருந்தன. மகன் இல்லாவிட்டால், பெற்ற மகளை விட்டுவிட்டு எங்கோ இருக்கும் தூரத்துப் பங்காளிக்குச் சொத்து போகும்படி பல பத்திரங்கள் எழுதப்பட்டன. டவுன்டன் அபே என்ற டிவி தொடர் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அந்தக் கதையின் முடிச்சே இதுதான்.

கல்யாணமான பெண்ணின் பணமும் நகையும் சட்டப்படி கணவனுடையதாகிவிடும். நிலம் இருந்தாலும் அதை நிர்வகிப்பது கணவன்தான். கல்யாணமான பெண் தன் பெயரில் தனியாகச் சொத்து வைத்துக்கொள்ளலாம் என்று இங்கிலாந்தில் முழுமையாகச் சட்டம் வந்தது 1882-இல்தான். உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் மூத்த மகனுக்கே என்ற விதி போனது 1925-இல் வந்த சட்டங்களால். அரச பட்டத்தில் ஆணுக்கு முன்னுரிமை என்பதை நீக்கிச் சட்டம் போட்டது 2013-இல். பிரபுப் பட்டங்களில் பெரும்பாலானவை இன்றைக்கும் ஆண் வழியில்தான் இறங்குகின்றன.

இந்த வழக்கங்களோடு வளர்ந்தவர்கள்தான் நம் சீமைகளின் வாரிசுரிமையைப் பற்றித் தீர்மானிக்கும் இடத்துக்கு வந்தார்கள். எப்படி வந்தார்கள்?

ஒரே மாதத்தில் இரண்டு வீடும் போயிற்று

1772 ஜூன் மாதம் வேலு நாச்சியாரின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது.

ஆற்காடு நவாப் முகமது அலி, தென்பகுதிப் பாளையங்களும் சீமைகளும் தனக்குக் கப்பம் கட்ட வேண்டும் என்றார். இந்தக் கப்பத்துக்குப் பேஷ்குஷ் என்று பெயர். நவாபோ கம்பெனியிடம் கழுத்தளவு கடனில் இருந்தார். நவாபுக்கு வருமானம் வந்தால்தான் கம்பெனிக்குப் பணம் வரும். அதனால் நவாபின் படையோடு கம்பெனியின் படையும் சேர்ந்து கிளம்பியது.

முதலில் ராமநாதபுரம் விழுந்தது. சிறுவனான முத்துராமலிங்க சேதுபதியையும் அவர் அம்மாவையும் பிடித்துத் திருச்சிக் கோட்டையில் சிறை வைத்தார்கள். அடுத்து சிவகங்கை. ஜோசப் ஸ்மித் தலைமையில் ஒரு படை கிழக்கிலிருந்தும், பாஞ்சோர் என்ற தளபதியின் தலைமையில் இன்னொரு படை மேற்கிலிருந்தும் வந்தன. ஜூன் 25-ஆம் தேதி காளையார்கோவிலில் நடந்த தாக்குதலில் மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவருடைய இளைய மனைவி கௌரி நாச்சியாரும் அங்கேயே உயிரிழந்தார். சிவகங்கையின் பெயரையே ஹுசைன் நகர் என்று நவாப் தரப்பு மாற்றியது.

பொதுவாகக் கணவனை இழந்த பெண் பிறந்த வீட்டுக்குப் போவார். வேலு நாச்சியாருக்கு அதுவும் இல்லை. பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே மாதத்தில் பறிபோய்விட்டன. கூட இருந்தது சின்ன மகள் வெள்ளச்சி, பிரதானி தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர்கள், விசுவாசமான கொஞ்சம் பேர்.

ஏன் விருப்பாட்சி?

இங்கேதான் ஒட்டன்சத்திரம் பகுதி கதைக்குள் வருகிறது. சிவகங்கையிலிருந்து தப்பியவர்கள் ஏன் இவ்வளவு தூரம் மேற்கே வர வேண்டும்?

காரணம் எளிது. மதுரைப் பக்கம் முழுக்க நவாபின் கையிலும் கம்பெனியின் கையிலும் இருந்தது. ஆனால் திண்டுக்கல் அப்படியில்லை. 1755-இலேயே மைசூர்ப் படையோடு வந்து திண்டுக்கல்லைப் பிடித்தவர் ஹைதர் அலி. மைசூரின் அதிபராக அவர் உயர்ந்ததற்கு அடித்தளமே திண்டுக்கல்தான். நவாபுக்கும் கம்பெனிக்கும் ஹைதர் அலி பரம எதிரி. அவருடைய ஆட்சி எல்லைக்குள் வந்துவிட்டால் துரத்தி வருபவர்கள் யோசிப்பார்கள்.

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருந்த விருப்பாட்சிப் பாளையம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. பின்னால் மலை, முன்னால் சமவெளி. ஆபத்து என்றால் மறையவும் இடம் உண்டு, ஆள் திரட்டவும் இடம் உண்டு. விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரின் பெயர் இந்தக் கதையோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது.

1772 டிசம்பரில் தாண்டவராய பிள்ளை, ராணியின் சார்பில் ஹைதர் அலிக்குக் கடிதம் அனுப்பினார். 5,000 குதிரை வீரர்களும் 5,000 காலாட்படையினரும் கொடுத்தால் சீமையை மீட்டுவிடலாம் என்பதே கடிதத்தின் சாரம். உடனே எதுவும் நடக்கவில்லை. கொஞ்ச காலத்திலேயே தாண்டவராய பிள்ளையும் இறந்துபோனார். கணவர் போய், சீமை போய், இப்போது வழிகாட்டியும் போனார்.

அதன்பிறகு எல்லாவற்றையும் வேலு நாச்சியாரே கவனிக்க வேண்டியதாயிற்று. ஹைதர் அலியை அவர் சந்தித்து உருதுவில் பேசி ஆதரவைப் பெற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. திண்டுக்கல் கோட்டை அவருக்குத் திறந்தது. பெரிய மருதுவும் சின்ன மருதுவும் சீமைக்குள் ரகசியமாகப் போய் நாட்டார்களைச் சந்தித்து ஆள் சேர்த்தார்கள்.

8 ஆண்டுகள் என்பது சொல்ல எளிது. 42 வயதில் வந்தவர் 50 வயதில்தான் திரும்பிப் போனார். மகள் வெள்ளச்சி வளர்ந்ததே இந்தப் பக்கத்தில்தான். அந்தப் பெண் குழந்தைதான் சிவகங்கையின் ஒரே நேரடி வாரிசு. வெள்ளச்சிக்கு ஏதாவது ஆகியிருந்தால், சீமையைத் திரும்பக் கேட்பதற்கான உரிமையே பலவீனமாகியிருக்கும்.

மீட்ட பிறகு என்ன நடந்தது?

1780-இல் நேரம் கூடி வந்தது. இரண்டாம் மைசூர்ப் போர் தொடங்கியிருந்தது. கம்பெனியின் கவனம் முழுக்க ஹைதர் அலி மீது. அந்தச் சமயத்தில் ஹைதர் அலி கொடுத்த உதவிப் படையோடும் மருது சகோதரர்கள் திரட்டிய ஆட்களோடும் வேலு நாச்சியார் சிவகங்கைக்குத் திரும்பினார். வழியில் எதிர்த்த நவாப் படைகள் முறியடிக்கப்பட்டன.

குயிலி, உடையாள் ஆகிய பெயர்கள் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. விஜயதசமி அன்று ராஜராஜேஸ்வரி அம்மன் கோயிலுக்கு வரும் பெண்களோடு பெண்ணாகக் கோட்டைக்குள் நுழைந்து, தன் உடலில் தீ வைத்துக்கொண்டு வெடிமருந்துக் கிடங்கை அழித்தவர் குயிலி என்று மக்கள் சொல்கிறார்கள். இது எழுத்து ஆவணத்தைவிட வாய்மொழியாக வாழும் கதை. சிவகங்கை மக்கள் மனதில் அதற்கு இருக்கும் இடம் பெரியது.

ராணி ஆட்சிக்கு வந்தார். பெரிய மருது தளபதி, சின்ன மருது பிரதானி. இதோடு கதை முடிந்திருந்தால் சுபம். ஆனால் வாரிசுக் கேள்வி அங்கேயே நின்றது. தனக்குப் பிறகு யார்?

வெள்ளச்சி நாச்சியாருக்கு மாப்பிள்ளை பார்ப்பது வெறும் கல்யாணப் பேச்சு இல்லை. யார் அவரைக் கட்டிக்கொள்கிறாரோ அவரே அடுத்த மன்னர். யாருடைய கை ஓங்க வேண்டும் என்பதில் அரண்மனைக்குள் இழுபறி இல்லாமல் இருக்குமா? கடைசியில் வேங்கன் பெரிய உடையணத் தேவருக்கு வெள்ளச்சி நாச்சியாரைக் கட்டிக் கொடுத்தார்கள். 1790-ஐ ஒட்டி அவர் மன்னரானார். நிர்வாகம் முழுக்க மருது சகோதரர்களின் கையில் இருந்தது.

சசிவர்ணத் தேவர் எப்படி மருமகனாக இருந்து சீமையைப் பெற்றாரோ, அதே வழியில்தான் வேங்கன் பெரிய உடையணத் தேவரும் பெற்றார். போரில் மீட்டது ஒரு பெண். வாரிசு இன்னொரு பெண். பட்டத்தில் உட்கார்ந்தது மருமகன்.

1796 டிசம்பர் 25-ஆம் தேதி வேலு நாச்சியார் காலமானார்.

கயிறும் கப்பலும் காகிதமும்

அவர் மறைந்து ஐந்தே ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. 1801-இல் தென்தமிழகம் முழுக்கக் கம்பெனிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. மருது சகோதரர்கள் முன்னால் நின்றார்கள். திண்டுக்கல் பக்கத்தில் விருப்பாட்சி கோபால நாயக்கர் தலைமை தாங்கினார். ஒரு காலத்தில் அடைக்கலம் கொடுத்த பாளையமும், அடைக்கலம் பெற்ற சீமையும் ஒரே அணியில் நின்றன.

விலை பெரியது. கோபால நாயக்கர் 1801-இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். மருது சகோதரர்கள் அதே ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். வேலு நாச்சியாரின் மருமகன் வேங்கன் பெரிய உடையணத் தேவர் உட்பட 70-க்கும் மேற்பட்டோர் 1802-இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர் திரும்பி வரவே இல்லை.

சிவகங்கையைக் கம்பெனி என்ன செய்தது? பழைய அரச குடும்பத்தின் பங்காளி வழியைச் சேர்ந்த படமாத்தூர் கௌரி வல்லப பெரிய உடையணத் தேவருக்குக் கொடுத்தது. ஆனால் மன்னராக அல்ல, ஜமீன்தாராக. 1803-இல் அதற்கான சன்னது, அதாவது உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. வருஷா வருஷம் இவ்வளவு கட்ட வேண்டும் என்று நிரந்தரமாக நிர்ணயம் செய்தார்கள். இனி சீமை இல்லை, ஜமீன். வாளுக்குப் பதில் காகிதம்.

லண்டனுக்குப் போன வழக்கு

1829-இல் கௌரி வல்லபத் தேவர் இறந்தார். அவருக்கு ஏழு மனைவிகள். மகள்கள் உண்டு, ஆண் வாரிசு இல்லை. மறுபடியும் அதே இடம்.

அவருடைய அண்ணன் மகன் ஜமீனைக் கையில் எடுத்துக்கொண்டார். நாங்கள் பாகம் பிரியாத கூட்டுக் குடும்பம், சித்தப்பா போனால் அடுத்த ஆணான எனக்குத்தான் சொத்து என்பது அந்தத் தரப்பின் வாதம். கணவரின் சொத்து எங்களுக்கு என்று விதவைகள் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. 1830-களில் தொடங்கிய வழக்கு இழுத்தது. முன்னால் நின்று போராடிய அங்கமுத்து நாச்சியார் 1850-இல் இறந்தார். கௌரி வல்லபரின் மகள்களில் ஒருவரான காத்தம நாச்சியார் வழக்கைக் கையில் எடுத்தார். உள்ளூர் கோர்ட், சென்னை கோர்ட் எல்லாம் தாண்டி, அன்றைக்கு இந்திய வழக்குகளின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது.

1863-இல் தீர்ப்பு வந்தது. காத்தம நாச்சியார் ஜெயித்தார். 30 ஆண்டுகளுக்கு மேல் நடந்த போராட்டம் அது. சட்டக் கல்லூரியில் படிப்பவர்களுக்குச் சிவகங்கை வழக்கு என்று இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கப்படுகிறது.

சரி, எந்த அடிப்படையில் ஜெயித்தார்? இங்கதான் அந்த முரண் இருக்கிறது.

அன்றைய இந்து சட்டத்தில் சொத்து இரண்டு வகை. ஒன்று பரம்பரைச் சொத்து. பாகம் பிரியாத குடும்பத்தில் அது ஆண்களுக்குள்ளேயே சுற்றும். மகன் இல்லாமல் ஒருவர் இறந்தால் மிச்சமிருக்கும் ஆண் பங்காளிகளுக்குப் போகும். இன்னொன்று தனிச் சொத்து, ஒருவர் தானே பெற்றது. அதற்கு மகன் இல்லாவிட்டால் மனைவி வாரிசு, அவருக்குப் பின் மகள். குடும்பம் கூட்டாகவே இருந்தாலும் இந்தத் தனிச் சொத்துக்கு இந்த வரிசைதான் என்று பிரிவி கவுன்சில் சொன்னது.

சிவகங்கை ஜமீன் எந்த வகை? கௌரி வல்லபருக்கு அது முன்னோர் வழியில் வந்ததில்லை, 1801-இல் கம்பெனி அவருக்குப் புதிதாகக் கொடுத்தது, எனவே தனிச் சொத்து என்பது முடிவு. அதனால்தான் மகளுக்கு வந்தது.

இதன் அர்த்தம் என்ன? சசிவர்ணத் தேவர், முத்துவடுகநாதர், வேலு நாச்சியார், வெள்ளச்சி என்று வந்த பழைய வழி 1801-இல் அறுந்துவிட்டது என்று சட்டம் ஏற்றுக்கொண்டதால்தான் காத்தம நாச்சியாருக்கு உரிமை கிடைத்தது. அந்தப் பரம்பரையின் தொடர்ச்சி என்று சொல்லியிருந்தால், சொத்து பங்காளியின் கைக்கே போயிருக்கும். சிவகங்கையில் ஒரு பெண் மறுபடி ஆளுமைக்கு வர, வேலு நாச்சியார் மீட்ட சீமை சட்டப்படி முடிந்துபோனதாகக் கணக்கிட வேண்டியிருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தீர்ப்பு வந்த 1863-இல், லண்டனில் ஒரு கல்யாணமான பெண் தன் பெயரில் முழு உரிமையோடு சொத்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

காத்தம நாச்சியார் 1877 வரை ஜமீனை ஆண்டார். அவருக்குப் பிறகும் வழக்குகள் ஓயவில்லை. 1948-இல் சென்னை மாகாணம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் ஜமீன் என்ற ஏற்பாடே முடிவுக்கு வந்தது.

இப்போது நிலைமை என்ன?

பரம்பரைச் சொத்து ஆண்களுக்குள் சுற்றும் என்ற பழைய விதி எப்போது போனது? 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணுக்குத் தன் கையில் உள்ள சொத்தில் முழு உரிமை கொடுத்தது. தமிழ்நாட்டில் 1989-இல் வந்த திருத்தம் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்றது. அந்தத் திருத்தத்துக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் அது பொருந்தவில்லை. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் நாடு முழுக்க மகள்களுக்குச் சம உரிமை கொடுத்தது. அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதெல்லாம் தடையில்லை, பிறப்பாலேயே மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆனா கிராமத்துப் பத்திர ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தால் தெரியும். நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, இனி நிலத்துல என்ன பங்கு என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அண்ணன் தம்பி மனசு கோணக் கூடாது என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிற அக்கா தங்கைகள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

வேலு நாச்சியாருக்கு 2008-இல் இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது. சிவகங்கையில் அவருக்கும் குயிலிக்கும் நினைவிடம் இருக்கிறது. விருப்பாட்சியில் கோபால நாயக்கருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி போகிற பஸ்ஸில் உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் அந்த ஊர் ஜன்னலில் கடந்து போய்விடும். அப்பாவின் பட்டம் தனக்கு வராத ஒரு பெண், கணவனின் சீமையை மகளுக்காகத் திரும்ப வாங்க 8 ஆண்டுகள் காத்திருந்தது அந்த மலையடிவாரத்தில்தான். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்கள்.